அடுத்த பிறந்தநாள் யாருக்கு

திங்கட்கிழமை காலை லுசாக்காவிலிருந்து வந்த மின்னஞ்சலில் மதுமிதாவின் பெயர் இல்லை. 'ஏழாம் எண் நேர்காணலாளர்' என்றுதான் இருந்தது. ஆனால் அந்தச் சின்ன அலுவலகத்தில் ஏழாம் எண் யார் என்பது டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும்.

களப்பணி மேற்பார்வையாளன் ஜுல்ஃபிகர் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"உன் ஆளுங்க மட்டும் ஏன் இப்படி அழுது வடியறாங்க, மா மிமி? மத்த ஆறு பேரோட ஆளுங்கல்லாம் சிரிச்சிக்கிட்டுத்தானே இருக்காங்க."

வீட்டில் மதுமிதா, வெளியில் மா மிமி. யங்கோனில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பது சகஜம். அவளுடைய வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆள் இல்லை. அம்மா இரண்டு வருடத்துக்கு முன்பு கோலாலம்பூரில் இருக்கும் அண்ணனிடம் போய்விட்டாள். தாமுவேயில் ஓர் அறை, வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஜப்பானிய மொழி வகுப்பு, வெள்ளி சனி ஞாயிறுகளில் இந்த வேலை. மதுமிதாவுக்கு ஊரில் மிச்சம் அவ்வளவுதான்.

வேலை ஜாம்பியாவிலிருந்து வந்தது. லுசாக்காவில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் மூன்று நாடுகளில் ஒரே கேள்வித்தாளை வைத்து வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பாதி சோப்புத்தூள், சமையல் எண்ணெய், பல்பசை. இரண்டாம் பாதி மனிதர்களைப் பற்றி: யாரோடு சாப்பிடுகிறீர்கள், யாரிடம் மனம்விட்டுப் பேசுவீர்கள், கடந்த ஏழு நாளில் எத்தனை பேரோடு பேசினீர்கள். முதலில் அதை அவர்கள் தங்கள் ஊரிலேயே நடத்திப் பார்த்து, வந்த இடைஞ்சல்களையெல்லாம் எழுதி ஒரு கையேடு போட்டிருந்தார்கள். நாய் அவிழ்த்துவிட்டிருந்தால் என்ன செய்வது, ஊர்த் தலைவர் வெளியூர் போயிருந்தால் யாரிடம் அனுமதி கேட்பது என்பதுவரை அதில் இருந்தது. தேர்ந்தெடுத்த ஆளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் அந்த ஆய்வின் உயிர்.

மின்னஞ்சல் எழுதியவள் முத்திந்தா, லுசாக்காவின் ஒருங்கிணைப்பாளர். கேள்வி முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறுவரை ஏழாம் எண்ணின் பதில்களில் தனிமை மற்றவர்களுடையதைப்போல மூன்று மடங்கு வருகிறதே, கேள்வியைக் கேட்கும் விதத்தில் ஏதாவது இருக்குமா, அல்லது வேறு காரணம் உண்டா, அடுத்த திங்களுக்குள் தெரிவிக்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தாள். மரியாதையாகக் கேட்டதாலேயே மதுமிதா அதை இன்னொரு தடவை படித்தாள்.

"வேறு காரணம்னா என்ன?"

"வீட்ல உக்காந்து நீயே ரொப்பிட்டியான்னு கேக்கறா." ஜுல்ஃபிகர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கேக்கலை. அவ கேக்கறா," என்றான். "பதில் சரியில்லன்னா உன் முப்பத்திநாலு வீடும் போச்சு. நீயும்தான்."

அந்த வாரம் முழுக்க அவள் தன்னையே விசாரித்துக்கொண்டாள். எத்தனை பேரோடு பேசினீர்கள் என்ற கேள்வி முப்பத்துமூன்றைத் தன் குரலில் போனில் பதிவு செய்து கேட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி இருந்தது. பயிற்சிக்காக முத்திந்தா அனுப்பியிருந்த மாதிரி நேர்காணலைப் போட்டுக் கேட்டாள். பின்னால் சேவல் கூவ, அதே கேள்வியை முத்திந்தா கடைக்காரரிடம் விலை கேட்பதுபோல் கேட்டிருந்தாள். மதுமிதா அப்படிப் படித்துப் பார்த்தாள். அதுவும் துக்கமாகவே வந்தது. வகுப்பில் அவளுடைய பெஞ்சில் நான்கு பேர் இருந்த இடத்தில் இப்போது அவள் மட்டும்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்விட்டார்கள். தன்னிடம் இருப்பதுதான் பதில் சொல்கிறவர்களுக்குத் தொற்றிக்கொள்கிறதோ என்று தோன்றியது.

சனிக்கிழமை தாமுவேயில் முப்பத்தைந்தாவது வீடு. யங்கோனின் பழைய கட்டடங்களில் மேல்மாடிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறுகள் தொங்கும். கீழிருந்து இழுத்தால் மேலே மணி அடிக்கும். வேண்டிய ஆளென்றால் சாவி அதே கயிற்றில் இறங்கும். அவள் ஐந்தாம் மாடிக் கயிற்றை இழுத்தாள். ஒரு பெண்மணி தலையை நீட்டி, "வார்டு ஆபீஸா?" என்றாள்.

"இல்லை, அத்தை. சோப்புத்தூள். பெயர்கூட வேண்டாம்."

சற்று யோசித்துவிட்டுச் சாவியை இறக்கினாள். மாடியில் மின்சாரம் இல்லை. அந்தப் பெண்மணி, கல்லூரிக்குப் போகிற வயதில் அவள் மகள், மூலையில் சாய்வு நாற்காலியில் அந்தப் பெண்மணியின் அண்ணன், மூன்று பேர். வீட்டில் பெரியவர்கள் பலர் இருந்தால் அடுத்த பிறந்தநாள் யாருக்கோ அவரைத்தான் கேட்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. யாரைக் கேட்பது என்பதை வீட்டாரும் தீர்மானிக்கக் கூடாது, கேட்க வந்தவளும் தீர்மானிக்கக் கூடாது, அதற்காகத்தான் பிறந்தநாள்.

"அடுத்து யாருக்கு மொவேநே வருகிறது?" என்று மதுமிதா பர்மிய மொழியில் கேட்டாள். மற்ற முப்பத்துநாலு வீடுகளிலும் அப்படித்தான் கேட்டிருந்தாள்.

"நாளைக்கு ஞாயிறு. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைக்காரர். அவரை எழுது."

"அம்மா, அவங்க கேட்கறது கேக் வெட்டற மொவேநே," என்றாள் மகள். "அது எனக்குத்தான். வர்ற பதினெட்டாம் தேதி."

"மொவேநேன்னா கிழமைதான். பகோடாவில் தண்ணி ஊத்தறப்ப தேதி பார்த்தா ஊத்தற?"

"நல்லாயிருக்கே. அப்ப மாமாவுக்கு வாராவாரம் பிறந்தநாளா?"

"சரிடி, உனக்கே இருக்கட்டும். ஆனா நீ எங்கே உட்கார்ந்து பதில் சொல்லப் போற? கிளாஸுக்கு நேரமாச்சு. எனக்கும் அடுப்பில் வேலை. அண்ணன் சும்மாதானே இருக்கார். அவரும் யாரோடயாவது பேசி நாளாச்சு."

சாய்வு நாற்காலியில் இருந்தவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். பதில் சொல்லத் தயாராகிவிட்டார்.

மதுமிதாவுக்கு இப்போதுதான் உறைத்தது. மொவேநே என்றால் பிறந்தநாள். பிறந்த கிழமையும் அதுதான். பர்மாவில் பிறந்த தேதி மறந்தவர்கள் உண்டு, கிழமை மறந்தவர் கிடையாது. பகோடாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மூலை. புதன் மட்டும் மதியத்தோடு இரண்டாகப் பிரிந்து எட்டு மூலை. 'நான் திங்கள், நாளை மறுநாள்' என்று முதல் வீட்டில் சொன்னபோது அவள் தயங்கத்தான் தயங்கினாள். ஆனால் அவள் வீட்டில் அம்மா பிறந்தநாளைக் கொண்டாடியதும் தேதியில் அல்ல, நட்சத்திரத்தில். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்த தேதி வேறு எதற்கோ. அவரவர்க்கு அவரவர் கணக்கு என்றுதான் அவள் வளர்ந்திருந்தாள். 'தேதி தெரியாத வீடுகளில் அந்த வீட்டார் வழக்கப்படி கேட்கவும்' என்று கையேட்டிலும் ஒரு வரி இருந்தது. ஜாம்பியாவின் கிராமங்களில் அறுவடைக்கு முன்னா பின்னா என்று கேட்பதற்காக எழுதிய வரி. பர்மியர்களின் கிழமையைப் பற்றிப் பர்மியர்களுக்குத் தெரியாதா, தமிழச்சி நான் என்ன கேட்பது என்று அவள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டாள். மற்ற ஆறு பேரும் தேதியைச் சொல்லச் சொல்லித்தான் கேட்டிருக்க வேண்டும்.

பதினெட்டாம் தேதிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டு, வகுப்பு முடிந்ததும் வருவதாகச் சொல்லி அவள் இறங்கினாள். ஐந்து மாடியும் இறங்கும்வரை அந்தப் பெரியவர் போட்டுக்கொண்ட பொத்தான்கள் கண்ணில் நின்றன.

அன்று மத்தியானம் டீக்கடையில் உட்கார்ந்து முப்பத்துநாலு வீட்டுக் குறிப்புகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தாள். அவளுடைய எழுத்து ஒழுங்கானது. எதையும் விடாமல் எழுதியிருந்தாள். 'அப்பாவும் சனி, மகனும் சனி. மகன் கடையில். அப்பாவைக் கேட்கச் சொன்னார்கள்.' 'மூவரில் இருவர் ஞாயிறு. சித்திதான் ஓய்வாக இருக்கிறாராம்.' கிழமை ஏழெட்டுதான் என்பதால் பல வீடுகளில் இரண்டு பேருக்குப் பொருந்தியது. பொருந்தாத வீட்டிலும் பொருந்துகிறது என்று சொன்னால் யார் சரிபார்ப்பது? வேலையுள்ளவர்களை விட்டுவிட்டு, வீட்டில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஆளாகப் பார்த்து அவள் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். அந்த ஆட்கள்தான் அவளிடம் மணிக்கணக்காகப் பேசியவர்கள்.

அவள் பொய் எழுதவில்லை. அந்த மட்டில் நிம்மதி. ஆனால் மனதுக்குள் வேறொன்று இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வாரமாக ஊரே தன்னைப்போல இருக்கிறது என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி நம்பியதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

பதினேழாவது வீட்டுக் குறிப்பில் அவள் வெகுநேரம் நின்றாள். இன்சீன், நூருன்னிசா.

தொண்டித் தமிழ்க் குடும்பம். வீட்டில் பர்கத்துல்லா, மனைவி சைதா, இரண்டு குழந்தைகள். சைதாவின் அக்கா நூருன்னிசா, நாற்பத்தாறு வயது, கணவர் இறந்தபின் தங்கை வீட்டுக்கு வந்தவள். அன்றும் சனிக்கிழமை; தமிழ் வீட்டிலும் அவள் மொவேநே என்றே கேட்டிருந்தாள். "நாளைக்கு ஞாயிறு. எங்க வீட்டுக்காரரும் ஞாயிறுதான், லாத்தாவும் ஞாயிறுதான்," என்று சைதா சொன்னாள். "அவருக்குக் கடை இருக்கு. லாத்தா சும்மாதான் இருக்கு, கேட்டுக்க." முப்பத்துமூன்றாவது கேள்வி: கடந்த ஏழு நாட்களில் இந்த வீட்டில் இருப்பவர்களில் எத்தனை பேருடன் பத்து நிமிடத்துக்குமேல் பேசினீர்கள்?

"பத்து நிமிஷமா?" நூருன்னிசா சிரித்துவிட்டாள். "பத்து நிமிஷம் பேச என்னடி இருக்கு. சோறு வெந்துச்சா, கரண்டு வந்துச்சா. ரெண்டும் சேத்து அரை நிமிஷம். முட்டை போட்டுக்க."

"வீட்டுக்கு வெளியே, லாத்தா?"

"உன்னைய எழுதிக்க."

"என்னை எழுதக் கூடாது."

"அப்ப அதுவும் முட்டைதான். ரெண்டு முட்டை, ஆம்லெட் போடலாம்."

மூன்று மாதம் கழித்து வந்து இதையே கேட்பேன் என்று மதுமிதா சொன்னபோது அவள் சிரிப்பு நின்றது. "நெசமாவா? என்னையவா? வேற ஆளை அனுப்பிட மாட்டீங்களே?"

"நான்தான் வருவேன். உங்களைத்தான் கேட்பேன்."

இப்போது தப்பைச் சொன்னால் மதுமிதாவின் பெயர் ஒருவேளை பிழைக்கும். நூருன்னிசா பட்டியலிலிருந்து போய்விடுவாள்.

ஞாயிறு மாலை அலுவலகத்தில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஜுல்ஃபிகர் எல்லாவற்றையும் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். தேதியில குலுக்கினா என்ன, கிழமையில குலுக்கினா என்ன? அவங்க ஊர்ல கிழமை ஏழு, நமக்கு எட்டு. நம்ம குலுக்கல் இன்னும் சுத்தம்."

"குலுக்கலா இருந்தா சரி, கோ ஜுல். வீட்டுக்காரங்க வேண்டாத ஆளைத் தள்ளிவிட்டிருக்காங்க."

"வேண்டாத ஆளுன்னு சொல்லாத. ஓய்வா இருக்கிற ஆளுன்னு சொல்லு." அவன் நாற்காலியில் சாய்ந்தான். "இதோ பாரு. 'ஏழாம் எண்ணுக்குக் கொடுத்த வார்டுகள் அப்படி, வயசானவங்க அதிகம்'னு ரெண்டு வரி எழுதறேன். முத்திந்தா இங்க வந்தா பாக்கப் போறா? உன் வீடெல்லாம் அப்படியே இருக்கும். நீயும் இருப்ப."

நூருன்னிசாவும் இருப்பாள். கையெழுத்துப் போட அவன் நீட்டிய பேனாவை அவள் வாங்கிக்கூட விட்டாள். வார்டுகள் அப்படி என்பது பொய். அந்தப் பொய்யின்மேல் மூன்று நாட்டுக்குமாக ஒரு கணக்கு ஏறும். யங்கோன் என்றால் இவ்வளவு தனிமை என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து படிப்பார். அந்த எண்ணில் பாதி அவளுடைய வாய்மூடல். பேனாவை மேசையில் வைத்தாள்.

"நடந்ததை நானே எழுதறேன்."

"உனக்குப் பிழைக்கத் தெரியலை, மா மிமி."

"தெரியலைதான்."

முத்திந்தாவின் பதில் மறுநாளே வந்தது. வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி; இந்தக் கிழமை விஷயம் கையேட்டில் சேரும்; ஏழாம் எண் தொடரலாம். முப்பத்துநாலு நேர்காணல்களும் ரத்து. அதே வீடுகளுக்குப் போய்த் தேதிப்படி ஆளைத் தேர்ந்தெடுத்து மறுபடி கேட்க வேண்டும். தேதிப்படி வராத பழைய ஆட்களிடம் ஆய்வு முடியும்வரை இந்தக் கேள்விகளைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் வீட்டின் பதில் கலங்கிவிடும். கடைசி வரியில், 'இது வருத்தமான வேலைதான்' என்று எழுதியிருந்தாள். அது அலுவலக மொழியா நிஜமா என்று மதுமிதாவால் பிரிக்க முடியவில்லை.

இன்சீனுக்கு வட்ட ரயிலில் போனபோது மழை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து கடை திறக்குமுன் பர்கத்துல்லா வீட்டில் இருக்கும் நேரம். கதவைத் திறந்தது நூருன்னிசா.

"மூணு மாசம்னுதானே சொன்ன? ரெண்டே மாசத்துல வந்துட்ட. இரு, இரு." உள்ளே ஓடி நாட்காட்டித் தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். பின்பக்கம் முழுக்கப் பென்சில் எழுத்து. "நீ கேப்பல்ல, அதான் மறந்துடக் கூடாதுன்னு எழுதி வெச்சேன். முட்டைக்காரி, பன்னெண்டு நிமிஷம். தையல் மிஷின் பழுது பாக்க வந்தவன், கால் மணி நேரம், முக்காவாசி அவன் மாமியார் கதை. எதுத்த வீட்டம்மா ஒம்பது நிமிஷம். இது சேராதுல்ல? பத்து வேணும்ல?"

மதுமிதா தாளைக் கையில் வாங்கவில்லை. வாங்கினால் படிக்க வேண்டியிருக்கும்.

"லாத்தா, இந்தத் தடவை தேதிப்படி கேக்கணுமாம். போன தடவை கிழமையை வெச்சுக் கேட்டது என் தப்பு. எல்லாருடைய அடையாள அட்டையும் வேணும்."

அட்டைகள் வந்தன. சைதா பிப்ரவரி. நூருன்னிசா மார்ச். பர்கத்துல்லா அடுத்த மாதம் ஒன்பது.

"மச்சானா?" நூருன்னிசா தன் அட்டையைத் திருப்பி எடுத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். "அப்ப நான்?"

"நீங்க இதுல இல்ல, லாத்தா."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் அவரைத்தான்."

"எந்தக் கிழமையில பொறந்திருந்தா என்னைய கேட்டிருப்ப?"

"கிழமை இல்ல. தேதி."

"சரி, எந்தத் தேதி?"

மதுமிதா பர்கத்துல்லாவின் அட்டையிலிருந்த தேதியைத் தாளில் எழுதிக்கொண்டாள். பர்கத்துல்லா குளித்துவிட்டு லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "வாங்க, மா மிமி. சீக்கிரம் முடிஞ்சிரும்ல? மதினி, டீ போடுங்க." கேட்கும்போது வேறு யாரும் அருகில் இருக்கக் கூடாது என்று மதுமிதா சொல்ல வேண்டியிருந்தது. நூருன்னிசா திரைக்குப் பின்னால் போனாள். நாட்காட்டித் தாளையும் எடுத்துக்கொண்டாள்.

சோப்புத்தூளும் எண்ணெயும் மளமளவென்று முடிந்தன. பர்கத்துல்லா நல்ல மனிதர். யோசித்துப் பதில் சொன்னார். முப்பத்திரண்டாவது கேள்விக்கு, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதற்கு, "கடையில வர்றவன் போறவன் எல்லாம் கணக்குன்னா முப்பது பேர் போட்டுக்குங்க," என்றார்.

"கடந்த ஏழு நாட்களில் இந்த வீட்டில் இருப்பவர்களில் எத்தனை பேருடன் பத்து நிமிடத்துக்குமேல் பேசினீர்கள்?"

துக்கம் விசாரிக்கிற குரல் வரவில்லை. விலை கேட்கிற குரலும் வரவில்லை. எந்தக் குரலில் கேட்டாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் கோப்பைகளின் சத்தம் நின்றது.

அவர் விரல்விட்டு எண்ணினார். "சைதா. பெரியவன். சின்னவ, அவ விட்டாத்தானே. மூணு பேர்."

வீட்டு உறுப்பினர் பட்டியலில் அவரைத் தவிர நான்கு பேர் இருந்தார்கள். எவர் பெயரையும் நினைவூட்டக் கூடாது என்பது விதி. 'வேறு யாராவது?' என்று ஒரு தடவை கேட்கலாம். ஒரே ஒரு தடவை.

"வேறு யாராவது?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லீங்க. அவ்வளவுதான்."

பென்சில் கட்டத்தின்மேல் நின்றது. மழை தகரத்தில் பெய்துகொண்டிருந்தது.

"வேறு யாராவது?"

"அதான் சொன்னேனே, மா மிமி. மூணுன்னு எழுதிக்குங்க."

மூன்று என்று எழுதினாள். மீதிக் கேள்விகளை முடித்தாள். டீ வந்தது, கொண்டுவந்தது சைதா. குடித்துவிட்டு, தாளின் கடைசிப் பக்கத்தில் நேர்காணலாளர் குறிப்புக்காக விட்டிருந்த இடத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒழுங்கான எழுத்தில் எழுதினாள்: 'கேள்வி 33. வேறு யாராவது என்று இரண்டு தடவை கேட்கப்பட்டது.'